காற்று ஏன் வீசுகிறது? அழுத்தத்தைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வானிலை வரைபடங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். அதைப் பற்றி நாலு பேரிடம் பேசப்போனால் கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்கின்றன. பாதிக் குழப்பத்துக்குக் காரணம் நாம் எல்லோரும் பள்ளியில் மனப்பாடம் செய்த ஒரு வாக்கியம்: "சூடான காற்று மேலே செல்லும், அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று வரும்." தப்பான வாக்கியம் இல்லை, ஆனால் நடுவில் ஒரு படியை விழுங்கிவிட்டது. அந்தப் படியை மீட்டெடுப்பதுதான் இங்கே முக்கியமான வேலை. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். மேலிருந்து படித்துக்கொண்டு வந்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் பேசுகின்றன.

காற்றழுத்தம் என்றால் சரியாக என்ன? காற்றுக்குக்கூடவா எடை?

எடையேதான். உங்கள் தலைக்கு மேலே வாயுமண்டலத்தின் கடைசி வரை நிற்கிற காற்று முழுவதும் தனக்குக் கீழே உள்ளதை அழுத்திக்கொண்டிருக்கிறது. கடல் மட்டத்தில் அது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ, ஒரு சதுர மீட்டருக்குப் பத்து டன். அளக்கும் அலகு ஹெக்டோபாஸ்கல். பழைய ஆட்கள் மில்லிபார் என்பார்கள், இரண்டுக்கும் எண் ஒன்றுதான். கடல் மட்டத்தின் சராசரி 1013.25.

இதை முதலில் அளந்து காட்டியவர் இத்தாலியின் டாரிசெல்லி. 1643-இல் பாதரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்து வைத்தபோது பாதரசம் முழுக்கக் கொட்டிவிடாமல் சுமார் 76 செ.மீ. உயரத்தில் நின்றது, வெளிக்காற்றின் எடை அதைத் தாங்கிப் பிடித்தது. ஐந்து வருடம் கழித்து, 1648-இல், பாஸ்கல் தன் மைத்துனர் பெரியரிடம் சொல்லி அதே மாதிரிக் குழாயைப் பிரான்சின் புய் டி டோம் மலைக்கு மேலே கொண்டுபோகச் சொன்னார். உச்சியில் பாதரசம் சுமார் 8 செ.மீ. இறங்கியிருந்தது. மேலே போகப் போகத் தலைக்கு மேல் மிச்சம் இருக்கும் காற்று குறைகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். ஐந்தரை கிலோமீட்டர் உயரத்தில் பாதிதான் மிச்சம்.

இன்றைக்கு மலை ஏற வேண்டியதில்லை. பல செல்போன்களில் அழுத்தமானி உள்ளேயே இருக்கிறது, அதன் எண்ணைக் காட்டும் செயலிகளும் உண்டு. நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று மாடி படியேறிப் பார்த்தேன், எண் கிட்டத்தட்ட ஒன்று குறைந்தது. கடல் மட்டத்துக்கு அருகே 8 மீட்டர் ஏறினால் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். இந்த 8 மீட்டர் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இது திரும்ப வரும்.

பத்து டன் மேலே இருந்தால் நசுங்கிப்போக வேண்டாமா?

காற்று மேலிருந்து மட்டும் அழுத்துவதில்லை, எல்லாப் பக்கமும் அழுத்துகிறது. உடம்புக்குள் இருக்கும் காற்றும் நீரும் அதே அளவுக்குத் திருப்பி அழுத்துகின்றன. விமானத்தில் காது அடைக்கும்போதுதான் இந்தச் சமநிலை கொஞ்சம் தவறுவது நமக்குத் தெரிய வருகிறது.

தாழ்வழுத்தம் காற்றை இழுக்கிறது என்கிறார்களே, எப்படி இழுக்கும்?

இழுக்காது. காற்றின் மூலக்கூறுகளுக்கு இழுக்கத் தெரியாது, முட்டித் தள்ள மட்டும்தான் தெரியும். ஒரு அறை அளவு காற்றை மனதுக்குள் தனியாகப் பிரித்து வையுங்கள். அதன் இடப்பக்கச் சுவரை அடுத்துள்ள காற்று கொஞ்சம் பலமாகத் தள்ளுகிறது, வலப்பக்கத்தில் உள்ளது கொஞ்சம் பலம் குறைவாகத் தள்ளுகிறது என்றால் மொத்தப் பெட்டியும் வலப்பக்கம் நகரும். அந்த நகர்வுதான் காற்று வீசுவது. சைக்கிள் டியூபின் வால்வைத் திறந்தால் வெளிக்காற்று உள்ளே இருப்பதை உறிஞ்சுவதில்லை, உள்ளே இருப்பதுதான் பிதுங்கிக்கொண்டு வருகிறது. அதே சங்கதி.

எவ்வளவு வித்தியாசம் வேண்டும்? ஆச்சரியப்படும் அளவுக்குக் கொஞ்சம். 100 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரே ஒரு ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் இருந்தால்கூட, தடுக்க எதுவும் இல்லாத பட்சத்தில், அசையாமல் இருந்த காற்று ஒரு மணி நேரத்தில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தைத் தாண்டிவிடும். மூன்று மணி நேரத்தில் 30-ஐத் தாண்டும். நீங்கள் மூன்று மாடி ஏறும்போது உணராத அந்த ஒரு எண்தான், பக்கவாட்டில் நீட்டி வைத்தால் மரத்தை ஆட்டுகிறது.

அதனால் அழுத்தம் எவ்வளவு என்று கேட்பதை விட, பக்கத்து இடத்தோடு வித்தியாசம் எவ்வளவு, எத்தனை தூரத்துக்குள் என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

சூடான காற்று மேலே போகுது, காலி இடத்தை நிரப்ப குளிர்ந்த காற்று வருது. இவ்வளவுதானே, எதுக்கு அழுத்தம் எல்லாம்?

முன்னுரையில் சொன்ன அந்த விழுங்கப்பட்ட படி இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். தரை சூடாகிறது, அதன் மேலே ஒரு கிலோமீட்டர் உயரக் காற்றுத் தூண் சராசரியாக 3 டிகிரி சூடாகிறது என்று வையுங்கள். சூடானால் விரியும். சுற்றிலும் காற்று நெருக்கிக்கொண்டிருப்பதால் அது முக்கியமாக மேல்நோக்கித்தான் விரியும், கணக்குப்படி சுமார் 10 மீட்டர். இப்போது தரையில் அழுத்தம் குறைந்ததா? இல்லை! தூணில் உள்ள காற்றின் மொத்த எடை அப்படியேதான் இருக்கிறது, ஆள் கொஞ்சம் உயரமாகிவிட்டார், எடை மாறவில்லை. பலர் தடுக்கி விழும் இடம் இது.

மாற்றம் முதலில் மேலேதான் நடக்கிறது. தூண் 10 மீட்டர் நீண்டதால், ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு மேலே முன்பை விட அதிகக் காற்று வந்துவிட்டது. 8 மீட்டர் கணக்குப்படி பார்த்தால், அந்த உயரத்தில் பக்கத்துக் குளிர்ந்த தூணை விட இங்கே ஏறத்தாழ ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் கூடுதல். உடனே மேலே காற்று பக்கவாட்டில் வழிந்து வெளியே போகிறது. போன பிறகுதான் தூணின் எடை குறைகிறது, தரையில் அழுத்தம் இறங்குகிறது, அதற்குப் பிறகுதான் கீழே பக்கத்திலிருந்து காற்று தள்ளப்பட்டு உள்ளே வருகிறது. காலி இடம் என்று எந்தக் கட்டத்திலும் ஒன்று இல்லை.

வீட்டிலேயே இதைக் கண்ணால் பார்க்கலாம். ஏசி ஓடும் அறையின் கதவைக் கொஞ்சமாக, நாலு விரல் அகலம், திறந்து வையுங்கள். மெல்லிய நூல் ஒன்றைக் கதவிடுக்கின் மேல்பக்கம் பிடித்தால் அது அறைக்கு உள்ளே சாயும். அதே நூலைத் தரையோரம் பிடித்தால் வெளியே சாயும். நடுவில் ஒரு உயரத்தில் எந்தப் பக்கமும் சாயாமல் சும்மா தொங்கும். ஏசியின் காற்று நேராகக் கதவில் அடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நான் முதல் தடவை அதில்தான் ஏமாந்தேன். மேலே ஒரு திசை, கீழே எதிர்த் திசை: உலகத்தின் பெரும்பாலான காற்று ஓட்டங்களுக்கு இந்தக் கதவிடுக்குதான் மாதிரிப் படம்.

ஃபேன் காற்றும் இதே கதையா?

இதேதான், சூடு மட்டும் இல்லை. இறக்கை தன் முன்னால் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது, பின்னால் கொஞ்சம் குறைக்கிறது.

கடற்கரையில் மதியம் கடலிலிருந்து வரும் காற்று ராத்திரி எப்படித் திசை மாறுகிறது?

கதவிடுக்கைக் கடற்கரைக்கு எடுத்துப் போங்கள். பகலில் நிலம் சூடான அறை, கடல் ஏசி அறை. ஒரே வெயில்தான் இரண்டின் மேலும் விழுகிறது, ஆனால் மணலில் அது மேலே சில சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. கடலில் வெளிச்சம் பல மீட்டர் ஆழம் போகிறது, அலை அதைக் கலக்கிவிடுகிறது, போதாக்குறைக்கு ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க, ஒரு கிலோ மணலுக்குத் தேவைப்படுவதைப் போல ஐந்து மடங்கு வெப்பம் வேண்டும். அதனால் கடல்மேற்பரப்பு ஒரே நாளில் பெரும்பாலும் ஒரு டிகிரி கூட மாறுவதில்லை, மணலோ காலைச் சுடுகிறது.

அதனால் வரும் கடல்காற்று முற்பகலில் ஆரம்பித்து, பிற்பகலில் உச்சத்துக்கு வந்து, சாயங்காலம் தணியும். ஒரு நாள் கரையில் உட்கார்ந்து கவனித்தால் தெரியும், முதலில் தண்ணீருக்குப் பக்கத்தில்தான் வீசும், பிறகு மெதுவாக உள்நாட்டை நோக்கி நகரும், நல்ல நாளில் 50 கி.மீ. உள்ளே கூடப் போகும். இத்தனைக்கும் கடலுக்கும் நிலத்துக்கும் இடையே அழுத்த வித்தியாசம் ஓரிரு ஹெக்டோபாஸ்கல்தான். இரவில் நிலம் சட்டென்று ஆறிவிடும், கடல் அப்படியே இருக்கும், அறைகள் இடம் மாறிவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள், நிலக்காற்று வீசும். பகலை விட வித்தியாசம் சிறியது என்பதால் அது எப்போதும் கொஞ்சம் நோஞ்சான்தான்.

மலைப்பக்கமும் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று வீசுகிறதே, அங்கே கடல் இல்லையே?

கடல் தேவையில்லை, வெப்பம் ஒரே சீராக இல்லாத இரண்டு இடம் இருந்தால் போதும். மலைச்சரிவைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று வெயிலில் சூடாகிறது. அதே உயரத்தில் பள்ளத்தாக்குக்கு நடுவே அந்தரத்தில் நிற்கும் காற்று அவ்வளவு சூடாவதில்லை. அதனால் பகலில் சரிவில் ஏறும் காற்று. இரவில் சரிவு முதலில் குளிர்ந்து, அதைத் தொட்ட காற்று கனத்து, தண்ணீர் போல வழிந்து பள்ளத்தாக்கில் தேங்கும். அடிவாரத்தில் விடியற்காலைக் குளிர் கடுமையாக இருப்பது இதனால்தான்.

இதன் ராட்சச வடிவம் அண்டார்டிகாவில் இருக்கிறது. பனி மேட்டுநிலத்தில் உறைந்து கனத்த காற்று கடலை நோக்கிச் சரிந்து விழுகிறது. டக்ளஸ் மாசன் குழுவினர் 1912-இல் முகாமிட்ட டெனிசன் முனையில் காற்றின் வேகம் ஆண்டு சராசரியே மணிக்கு 70 கி.மீ. அளவில் இருந்தது. புயல் வந்தபோது அளந்தது இல்லை இது, வருடம் முழுவதற்கும் சராசரி.

மலை உச்சியில் அழுத்தம் குறைவு என்றால் கடலோரத்திலிருந்து காற்று எப்போதும் மேலே பாய்ந்துகொண்டே இருக்க வேண்டாமா?

இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, கேட்பவர் உண்மையிலேயே யோசிக்கிறார் என்று அர்த்தம். பொலிவியாவின் லா பாஸ் நகரம் சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே அழுத்தம் ஏறத்தாழ 650. கடலோரத்தில் 1013. புயலே இவ்வளவு வித்தியாசம் காட்டாது. ஆனாலும் எதுவும் பாய்வதில்லை.

காரணம், மேல்நோக்கித் தள்ளும் அந்த வித்தியாசத்தை ஈர்ப்பு விசை கிட்டத்தட்ட முழுசாகச் சரிக்கட்டிவிடுகிறது. அழுத்தம் மேலே தள்ளுகிறது, எடை கீழே இழுக்கிறது, காற்று இரண்டுக்கும் நடுவில் சும்மா நிற்கிறது. செங்குத்தாக 8 மீட்டருக்கு ஒரு எண், பக்கவாட்டில் 100 கிலோமீட்டருக்கு ஒரு எண், இரண்டையும் ஒப்பிட்டால் பன்னிரண்டாயிரம் மடங்குக்கு மேல் வருகிறது, ஆனால் அந்தப் பெரிய வித்தியாசத்துக்கு எதிரே ஈர்ப்பு நிற்கிறது, சின்ன வித்தியாசத்துக்கு எதிரே அப்படி யாரும் இல்லை. அதனால்தான் வானிலை வரைபடம் போடுபவர்கள் எல்லா ஊர் அளவையும் கடல் மட்டத்துக்கு மாற்றிக் கணக்கிட்ட பிறகே ஒப்பிடுவார்கள். மாற்றாமல் போட்டால் வரைபடத்தில் தெரிவது காற்று இல்லை, மலைகள்தான்.

வடகிழக்குக் காற்று என்றால் வடகிழக்கிலிருந்தா, வடகிழக்குக்கா?

வடகிழக்கிலிருந்து. காற்றுக்கு எப்போதும் புறப்பட்ட இடத்தின் பெயர்தான். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை என்று தமிழில் இருப்பதும் இதே கணக்குதான். கடல் நீரோட்டத்துக்கு இது தலைகீழ், அதற்குப் போகும் திசையைச் சொல்வார்கள். யார் இப்படி முடிவு செய்தார்களோ, படிக்கிறவர்கள்பாடு திண்டாட்டம்.

வரைபடத்தில் காற்று உயரழுத்தத்திலிருந்து தாழ்வழுத்தத்துக்கு நேராகப் போகாமல் சுற்றிச் சுற்றிப் போகிறதே, நீங்கள் சொன்னதெல்லாம் பொய்யா?

பொய்யில்லை, இதுவரை பூமி சுற்றுவதைச் சொல்லவில்லை. கடல்காற்று போன்ற சில மணி நேரச் சமாச்சாரங்களில் அது பெரிதாகத் தெரியாது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர், நாள்கணக்கில் என்று போகும்போது, காற்று நகர நகர அதற்குக் கீழே பூமி திரும்பிவிடுகிறது. பூமியில் நிற்கும் நமக்கு, காற்று வட அரைக்கோளத்தில் வலப்பக்கமும் தென் அரைக்கோளத்தில் இடப்பக்கமும் விலகுவது போலத் தெரியும். 1835-இல் இதன் கணிதத்தை எழுதிய பிரெஞ்சுக்காரர் கொரியாலிஸ் பெயரால் கொரியாலிஸ் விசை என்கிறோம். காற்றின் வேகம் கூடக் கூட விலக்கமும் கூடும், துருவத்தில் அதிகம், நிலநடுக்கோட்டில் பூஜ்யம்.

இப்போது தாழ்வழுத்தத்தை நோக்கிக் கிளம்பிய காற்றைத் தொடர்ந்து போங்கள். வேகம் கூடுகிறது, வலப்பக்கம் திரும்புகிறது, இன்னும் கூடுகிறது, இன்னும் திரும்புகிறது. கடைசியில் அழுத்தம் ஒரு பக்கம் தள்ள, விலக்கம் எதிர்ப்பக்கம் தள்ள, இரண்டுக்கும் நடுவில் காற்று சம அழுத்தக் கோட்டுக்கு (ஒரே அழுத்தம் உள்ள இடங்களை இணைத்து வரைபடத்தில் போடும் கோடு) இணையாகவே ஓட ஆரம்பித்துவிடும். நமது 100 கிலோமீட்டருக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் கணக்கில், 45 டிகிரி அட்சரேகையில் அது மணிக்கு 29 கி.மீ. வேகத்தில் நிலைபெறும். தரைக்கு அருகே மரமும் கட்டடமும் உராய்ந்து வேகத்தைக் குறைப்பதால் விலக்கம் கொஞ்சம் தளர்கிறது, அழுத்தம் கொஞ்சம் ஜெயிக்கிறது, அதனால் காற்று கோட்டைச் சாய்வாக வெட்டிக்கொண்டு தாழ்வை நோக்கி உள்ளே வரும். கடல்மேல் 10 முதல் 20 டிகிரி சாய்வு, கரடுமுரடான நிலத்தில் 30-க்கும் மேல்.

கையோடு ஒரு உபயோகம்: வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்தம் உங்கள் இடக்கைப் பக்கம், கொஞ்சம் முன்னால் தள்ளி இருக்கும். 1857-இல் நெதர்லாந்தின் பைஸ் பாலட் சொன்ன விதி. கடல்காற்று வீசும்போது இதைச் சோதிக்காதீர்கள், அது சின்ன ஓட்டம்.

அப்படியானால் கைகழுவும் தொட்டியில் தண்ணீர் சுழல்வதும் இதனால்தானே?

இல்லை. பூமி ஒரு சுற்றுக்கு ஒரு நாள் எடுத்துக்கொள்கிறது, தொட்டி அரை நிமிடத்தில் காலியாகிவிடுகிறது. குழாயைத் திறந்தபோது தண்ணீர் எப்படி அலசியதோ, தொட்டியின் வடிவம் எப்படியோ, அதுதான் திசையைத் தீர்மானிக்கும்.

ஆனால் ரொம்பவே மெனக்கெட்டால் பார்க்க முடியும். 1962-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆஷர் ஷபிரோ ஆறடி அகலத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, 24 மணி நேரம் அசையாமல் விட்டு, பிறகு அடியில் சின்ன ஓட்டையைத் திறந்தார். கடைசியில் மெதுவாக, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழன்றது. பிறகு சிட்னியில் வேறொரு குழு இதைச் செய்தபோது கடிகாரத் திசையில் சுழன்றது.

நிலநடுக்கோட்டில் சூடு, துருவத்தில் குளிர். அப்போ இரண்டுக்கும் நடுவில் ஒரே பெரிய சுற்றாகக் காற்று ஓடலாமே, ஏன் மூன்று?

பூமி சுற்றாமல் இருந்தால் அப்படி ஓடலாம். 1686-இல் வியாபாரக் காற்றுகளை, அதாவது வெப்பமண்டலக் கடல்களில் கிழக்குப் பக்கமிருந்து ஓயாமல் வீசும் காற்றுகளை, வரைபடமாகப் போட்ட ஹாலி (வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்தவரேதான்) சூரியன் மேற்கே நகர்வதால் காற்றும் பின்னாலேயே போகிறது என்று நினைத்தார். 1735-இல் ஜார்ஜ் ஹாட்லி, தொழிலால் வழக்கறிஞர், பூமியின் சுழற்சிதான் காரணம் என்று சொன்னார். அவர் கணக்கில் சில பிசகு உண்டு, ஆனால் ஆளைச் சரியாகப் பிடித்துவிட்டார்.

நிலநடுக்கோட்டில் தரையே மணிக்கு சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது, 60 டிகிரியில் அதில் பாதி. நிலநடுக்கோட்டில் மேலெழுந்த காற்று அந்தக் கிழக்கு வேகத்தோடு துருவம் நோக்கிக் கிளம்புகிறது. கீழே தரையின் வேகம் குறைந்துகொண்டே போகிறது, காற்று சுற்றும் வட்டமும் சுருங்குகிறது. உராய்வே இல்லாவிட்டால் 30 டிகிரியைத் தொடும்போது அது தரையை விட மணிக்கு 480 கி.மீ. வேகமாகக் கிழக்கே பறக்க வேண்டும். அவ்வளவு வேகத்தை வாயுமண்டலம் தாங்காது, அது உடைந்து பெரும் சுழல்களாகக் கலங்கிவிடும். அதனால் முதல் சுற்று 30 டிகிரிக்குப் பக்கத்தில் கீழே இறங்கி முடிந்துவிடுகிறது. இறங்கிய காற்று தரையோரம் நிலநடுக்கோட்டுக்குத் திரும்பும்போது விலகி வடகிழக்கு, தென்கிழக்கு வியாபாரக் காற்றாகிறது. 30-க்கும் 60-க்கும் நடுவே மேலைக்காற்று (மேற்கிலிருந்து வருவது), 60-ஐத் தாண்டித் துருவக் கீழைக்காற்று (கிழக்கிலிருந்து வருவது). பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடும் வியாழன் கோளில் இப்படி எத்தனையோ பட்டைகள், தொலைநோக்கியிலேயே தெரியும்.

மூன்று அழகான வட்டங்களாகப் புத்தகத்தில் போட்டிருப்பதை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். முதல் வட்டம் உண்மையாகவே வட்டம் மாதிரி இருக்கிறது. நடுவில் உள்ளது சராசரி எடுத்தால்தான் தெரியும், ஒரு குறிப்பிட்ட நாளில் பார்த்தால் அங்கே வட்டமே இருக்காது, தாழ்வும் உயர்வும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு கிழக்கே போய்க்கொண்டிருக்கும்.

சகாரா மாதிரி இடங்களில் கொளுத்துகிறது, அங்கே தாழ்வழுத்தம்தானே இருக்கணும்? உயரழுத்தப் பட்டை என்று போட்டிருக்கிறதே?

இரண்டும் உண்டு, மாடி வேறு. மேலே சொன்ன முதல் சுற்றின் காற்று 30 டிகிரி அருகே வந்து இறங்குகிறது. இறங்கும் காற்று அமுங்கிச் சூடாகிறது, மேகம் கரைகிறது, மழை இல்லை. சகாரா, கலகாரி, ஆஸ்திரேலியாவின் உட்பகுதி எல்லாம் இந்தப் பட்டையை ஒட்டியே அமைந்திருப்பது தற்செயல் இல்லை. கோடையில் வெயில் தரையைக் காய்ச்சும்போது கீழே சில கிலோமீட்டருக்கு மட்டும் ஆழமற்ற வெப்பத் தாழ்வு உருவாகிறது. அதற்கு மேலே காற்று இன்னும் அமுங்கி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. மூடியோடு கூடிய தாழ்வு, அதனால் தாழ்வு இருந்தும் மழை பெய்வதில்லை.

பருவக்காற்று என்பது பெரிய கடல்காற்றுதானே?

பாதி மதிப்பெண் தரலாம். நிலம் கடலை விடச் சூடாவதும், அதில் அழுத்தம் இறங்குவதும் உண்மை. ஆனால் வெறும் கடல்காற்று என்றால் மழை பெய்து நிலம் குளிர்ந்தவுடன் நின்றுவிட வேண்டும். இந்தியத் துணைக்கண்டத்தில் தரை அதிகமாகச் சுடுவது பருவமழைக்கு முந்தைய மே மாதத்தில்தான், மழை பிடித்த பிறகு தரை குளிர்ந்தாலும் காற்று ஜூலையில் இன்னும் பலமாகவே வீசுகிறது.

நீராவி மேகமாக மாறும்போது வெளிவிடும் வெப்பம் உயரத்தில் உள்ள காற்றைச் சூடாக்கிக்கொண்டே இருப்பதால்தான் அது ஓடுகிறது. ஆக, கதவிடுக்கில் சூடான அறை தரையில் இல்லை, மேகத்துக்குள் இருக்கிறது. அப்புறம், வியாபாரக் காற்றுகள் சந்திக்கும் தாழ்வழுத்தப் பட்டை கோடையில் வடக்கே நகர்ந்துவிடுகிறது. தென் இந்தியப் பெருங்கடலின் உயரழுத்தத்திலிருந்து தென்கிழக்குக் காற்றாகக் கிளம்பியது நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் இடது விலக்கம் வலது விலக்கமாக மாறி, தென்மேற்குக் காற்றாகத் திரும்பிவிடுகிறது. சோமாலியக் கரையோரம் இது குறுகி வேகமெடுத்து அரபிக்கடலைக் கடக்கிறது.

விமானம் கிழக்கே போகும்போது சீக்கிரம் போய்ச் சேர்கிறது. பூமி சுற்றுவதாலா?

பூமியோடு சேர்ந்து காற்றும்தான் சுற்றுகிறது, அதனால் நேரடியாக இல்லை. காரணம் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் காற்று, மணிக்கு 200 கி.மீ. சாதாரணம், குளிர்காலத்தில் அதையும் நன்றாகத் தாண்டும்.

இதுவும் அந்த நீண்ட தூண், குட்டைத் தூண் கதைதான். 500 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் வெப்பமண்டலத்தில் சுமார் 5,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, துருவக் குளிர்காலத்தில் 5,000-க்குப் பக்கத்திலேயே வந்துவிடும். ஆகவே மேலே போகப் போக வெப்பமண்டலப் பக்கம் அழுத்தம் அதிகம், துருவப் பக்கம் குறைவு, வித்தியாசம் உயரத்தோடு வளர்கிறது. காற்று துருவத்துக்குக் கிளம்பி, வலப்பக்கம் திரும்பி, கிழக்கே ஓடுகிறது. தென் அரைக்கோளத்தில் இடப்பக்கம் திரும்பினாலும் அதே கிழக்குதான் வரும், யோசித்துப் பாருங்கள். ஜப்பானின் வசாபுரோ ஓய்ஷி 1920-களில் பலூன் விட்டு இதை அளந்து, உலகம் படிக்கட்டும் என்று எஸ்பெராண்டோ மொழியில் எழுதி வெளியிட்டார். ஜப்பானுக்கு வெளியே கிட்டத்தட்ட யாருமே கண்டுகொள்ளவில்லை.

ஈரக்காற்று கனமாகத்தானே இருக்கும்?

லேசாக இருக்கும். நீர் மூலக்கூறின் எடை 18, காற்றின் சராசரி 29. கனமானதைத் தள்ளிவிட்டு லேசானது அந்த இடத்தில் உட்காருகிறது. புழுக்கத்தில் காற்று கனப்பது போலத் தோன்றுவது வியர்வை காயாததால்.

இடி மழைக்குக் கொஞ்சம் முன்னால் சில்லென்று ஒரு காற்று அடிக்குமே, அது எங்கிருந்து?

மேகத்துக்குள்ளிருந்து. மழைத்துளிகள் விழும்போது வழியில் ஒரு பகுதி ஆவியாகிறது, அது சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. குளிர்ந்து கனத்த அந்தக் காற்று நேராகக் கீழே விழுந்து, தரையில் மோதி, கொட்டிய தண்ணீர் மாதிரி எல்லாப் பக்கமும் பரவுகிறது. அடியில் சின்னதாக ஒரு உயரழுத்த மேடு உண்டாகும், போன் அழுத்தமானியில் அந்தச் சில நிமிடத்தில் எண் ஒரு குதி குதிப்பதைப் பார்க்கலாம். தூசி கிளம்பிக் கதவுகள் அறைந்து சாத்திக்கொண்ட பிறகு பத்து நிமிடத்தில் மழை வரும், அல்லது மழை வேறெங்கோ பெய்துவிட்டு நமக்குக் காற்றை மட்டும் அனுப்பியிருக்கும்.

குளிர்ந்த காற்று கீழே இறங்கும் என்றீர்கள். மலையிலிருந்து அனல்காற்று இறங்குவதும் உண்டே?

உண்டு, ஆனால் அது தன் கனத்தால் இறங்குவதில்லை. மலைக்கு இருபுறமும் உள்ள அழுத்த வித்தியாசம் அதை ஏற்றி இறக்குகிறது. ஏறும் பக்கத்தில் ஈரம் மழையாகக் கொட்டும்போது வெளிவரும் வெப்பத்தால் அது கிலோமீட்டருக்கு ஐந்தாறு டிகிரிதான் குளிரும். மறுபக்கம் உலர்ந்து இறங்கும்போது அமுங்கிக் கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி சூடாகும். லாபக் கணக்கு அந்த வித்தியாசத்தில். ஆல்ப்ஸில் இதற்கு ஃபோன் (föhn) என்று பெயர், ராக்கி மலைகளின் கிழக்கில் சினூக். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஸ்பியர்ஃபிஷ் என்ற ஊரில் 1943 ஜனவரி 22 அன்று இரண்டே நிமிடத்தில் வெப்பநிலை −20 டிகிரியிலிருந்து 7 டிகிரிக்கு ஏறியது.

புயலுக்கு நடுவில்தான் அழுத்தம் மிகக் குறைவு, ஆனால் அங்கேதான் காற்றே இல்லை. எப்படி? சுற்றியுள்ள காற்று ஏன் உள்ளே பாய்ந்து நிரப்பிவிடவில்லை?

முதலில் நிரப்பும் விஷயம். உள்ளே தள்ளப்படும் காற்று சுழன்றுகொண்டே வருகிறது, மையத்தை நெருங்க நெருங்கச் சுழற்சி வேகம் கூடி, ஒரு தூரத்துக்குமேல் வெளியே வீசியெறியும் போக்கு அழுத்தத்துக்குச் சமமாகிவிடுகிறது. அதற்கு உள்ளே போக முடியாமல், கண் என்று சொல்லப்படும் அமைதியான நடுப்பகுதியின் விளிம்பில் சுவர் மாதிரி மேலே ஏறுகிறது. உச்சியில் பக்கவாட்டில் பரந்து வெளியேறுகிறது. பழைய தூண் கணக்குதான்: மேலே வெளியேறுவது கீழே நுழைவதை விட அதிகம் என்றால் மையத்தின் எடை குறைந்து புயல் வலுக்கும், குறைவு என்றால் நிரம்பி ஓயும். இந்தச் சுழற்சிக்குக் கொரியாலிஸ் விலக்கம் வேண்டும் என்பதால் நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து டிகிரிக்குள் புயல் பிறப்பது அபூர்வம். 2001 டிசம்பரில் சிங்கப்பூர் அருகே ஒன்றரை டிகிரியில் உருவான வாமேய் மாதிரி விதிவிலக்கும் உண்டு.

அடுத்தது அமைதி. இதுவரை கடல் மட்டத்தில் பதிவான மிகக் குறைந்த அழுத்தம் 870 ஹெக்டோபாஸ்கல், 1979 அக்டோபர் 12 அன்று டிப் சூறாவளியின் கண்ணில். ஆனால் ஆரம்பத்தில் சொன்னது போல, எண் எவ்வளவு என்பது காற்றுக்குப் பொருட்டில்லை, பக்கத்தோடு எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் பொருட்டு. சுவரில் சில கிலோமீட்டருக்குள் பல எண் சரிகிறது, அங்கே பேய்க்காற்று. கண்ணின் நட்டநடுவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் எண் கிட்டத்தட்ட ஒன்றே. அதனால் மழை நிற்கும், சில சமயம் வானம்கூடத் தெரியும், அழுத்தமானி மிகக் கீழே கிடக்கும். அந்த எண் மறுபடி ஏறத் தொடங்கினால் எதிர்ப்பக்கச் சுவர் நெருங்குகிறது என்று அர்த்தம், அதே வேகத்தோடு, நேர் எதிர்த் திசையிலிருந்து.